பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். மருந்துக் கடைக்காரர் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார். வங்கி மேனேஜர் "வாங்க மாஸ்டர்" என்று நாற்காலி இழுத்துப் போடுவார். இப்பேர்ப்பட்ட மாஸ்டரின் பெண்டாட்டி தினமும் ஒரு பஸ், ஒரு ரயில், ஒரு வேன் என்று மாறி மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் வேலை பல் செய்வது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் செதுக்கி, பல் செட்டோ கேப்போ நாங்கள் செய்து கொடுப்போம். ஒருவர் பல் மாதிரி இன்னொருவர் பல் இருக்காது. முன்பல்லின் ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம் வைத்தால்தான் அது அந்த ஆளோடு பிறந்த பல்லாகத் தெரியும். அந்தத் தேய்மானத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதில்தான் என் கைவரிசை. இந்த வேலை எனக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமையில்கூட சும்மா இருக்க முடியாமல் சோப்புக் கட்டியில் கடைவாய்ப் பல் செதுக்கி வைப்பேன். அந்த சோப்பால் கை கழுவ மாட்டேன் என்று என் மகள் அடம்பிடிப்பாள்.

முன்பெல்லாம் லேப் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தது. இடம் போதவில்லை என்று முதலாளி அம்மா அதை நகரத்தைத் தாண்டி, கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஒரு பெரிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார். கூட வேலை செய்தவர்களில் பலர் அப்போதே கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் வீராப்பாகப் போய்வந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போய், அதே கையால் உளியைப் பிடித்தால் அது என் பேச்சைக் கேட்குமா? கை நடுங்க ஆரம்பித்தது. போன மாதம், முடியும் நிலையில் இருந்த ஒரு முன்பல் என் கையிலேயே உடைந்தது. முதலாளி அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கையைப் பார்த்தபடி, களைப்பில்லாமல் வந்துபோக ஒரு வழி பாரும்மா, இல்லையென்றால் வேறு ஆளுக்குப் பழக்க வேண்டியிருக்கும், இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பதில் சொல் என்றார்.

வேறு வேலை இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மெஷினே பல் செய்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும், எல்லோருக்கும் ஒரே மாதிரி, பளிச்சென்று வந்து விழும். வந்து விழுவதைத் துடைத்துப் பெட்டியில் போட ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே போனால் என் கைக்கு ஒரு குறையும் வராது, ஏனென்றால் கைக்கு ஒரு வேலையும் இருக்காது.

கார் வாங்கலாம் என்று நான் சொன்னது இதனால்தான். டிரைவிங் ஸ்கூல் காரைக் கேட்க முடியாது, அது காலையிலிருந்து இருட்டும் வரை மாணவர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கும். பணத்தைப் புரட்டிவிடலாம், அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வேலையில் சேரச் சொன்னார். காருக்கு எதிராக நாளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார். இன்று பெட்ரோல் என்பார், நாளை பார்க்கிங் என்பார், அடுத்த நாள் மழையில் துரு பிடிக்கும் என்பார். பஸ்ஸும் ரயிலும் எவ்வளவு சுகம், உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம் என்று அவர் சொன்ன அன்று மட்டும் நான் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

காருக்கு எதிராகப் பேசுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், மாணவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்கு. என் வீட்டுக்காரர் அதை மிதித்து மிதித்து, அது இல்லாத இடத்திலும் மிதிக்கிற ஆளாகிவிட்டார். டிவியில் கார் ஓடினால் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிப்பார். லிஃப்ட் இறங்கும்போது மிதிப்பார். மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துபோய், காலை ஊன்றி ஊன்றிச் செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம். தூக்கத்தில் என்னையும் ஒன்றிரண்டு முறை நிறுத்தியிருக்கிறார்.

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் காரை நான்தான் ஓட்டுவேன். ஓட்டுவேன் என்றால், ஸ்டியரிங் என் கையில் இருக்கும். முன்னால் ஒரு நாய் வருகிறது என்று நான் நினைப்பதற்குள் வண்டி நின்றுவிடும். இத்தனை வருஷமாக எனக்கு பிரேக் போடத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது, கடைசி பிரேக் அவருடையது.

என் நச்சரிப்பு தாங்காமல் அவர் ஒரு வழியாகப் பழைய கார் விற்கும் தரகரைப் பார்க்க வந்தார். தரகர் சிரித்த முகக்காரர். வாய் நிறைய கேப் போட்டிருந்தார். அத்தனையும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எங்கள் லேப் வேலை இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. நாங்கள் பார்த்த கார் சின்னது, சாம்பல் நிறம், ஒரு டீச்சரம்மா வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் அதன் அடியில் படுத்துப் பார்த்தார், டயரைத் தட்டினார், ஹாரனை அடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு குறையும் அகப்படவில்லை. அந்த ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் தரகரைத் தனியே தள்ளிக்கொண்டு போய் ரகசியமாக ஏதோ கேட்டார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"இந்த வண்டில பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வெச்சுத் தர முடியுமா?"

தரகரின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீங்களும் கூடப் போவீங்களா சார்?"

"இல்ல, அவ மட்டும்தான் போவா."

"அப்ப அதை யாரு சார் மிதிப்பா?"

என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் மிதிக்க வேணாம். சும்மா இருக்கட்டும்" என்றார்.

அப்படியெல்லாம் வைக்க முடியாது என்று தரகர் சொல்லிவிட்டார். அப்படியானால் லேப் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. மறுநாள்தான் மாதக் கடைசி. கார் பார்க்கப் போன அன்று காலை பாதி நாள் அனுமதி வாங்கியிருந்தேன், போகிற வண்டி என்னை வேலைக்கும் கொண்டுபோய் விடட்டும். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில், தரகர் பின்னால்.

நகரம் முடிகிற வரைக்கும் அவருடைய கால் சும்மா இருக்கவில்லை. சிக்னலில் மிதித்தார், பள்ளிக்கூட வாசலில் மிதித்தார், தூரத்தில் போகிற சைக்கிளைப் பார்த்தும் மிதித்தார். கிடங்குகள் இருக்கிற சாலையில் திரும்பியதும்தான் அது நடந்தது. ஒரு லாரி பின்பக்கமாகவே கிடங்கு வாசலைவிட்டு வெளியே வந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் எங்கள் வண்டி நின்றது. குலுங்கவில்லை, இழுக்கவில்லை, லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நடந்துபோகிற அளவுக்கு இடம் விட்டு அழகாக நின்றது.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "பாத்தியா? நான் மட்டும் பிரேக் போடலன்னா என்ன ஆயிருக்கும்?"

பின் சீட்டில் தரகர் மெதுவாகக் கனைத்தார். "சார், அந்தப் பக்கம் பிரேக்கே இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே கால்மிதி கசங்கிச் சுருண்டு கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நான் வண்டியை எடுத்திருக்கலாம். முடியவில்லை, சிரித்துவிட்டேன். தரகரும் அந்த ஒரே அளவுப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். லேப் வந்து சேரும் வரை என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

லேப் வாசலில் இறங்கினோம். தரகர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வண்டியைத் திருப்புகிறேன் என்று பின் சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி இறக்கினார். இந்த ஆள் ஓட்டுகிற வண்டியில் உட்கார மாட்டேன், நான் வேனிலும் ரயிலிலும் போய்க்கொள்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். உண்மையில் அது நாங்கள் சிரித்ததற்கான கோபம் என்று எனக்குத் தெரியும். தரகர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இன்னும் என்ன குறை பாக்கி என்று நான் கேட்டேன். வண்டியில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்ட கத்துக்கிறவங்க லைசென்ஸ் வாங்குன அன்னியோட போயிடுவாங்க. அப்புறம் ரோட்டுல அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் ராத்திரி தூங்குறேன். உன் விஷயம் அப்படி இல்லையே. நீ சாயங்காலம் வீட்டுக்கு வரலன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவர் என்னிடம் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சரி, ஆஸ்பத்திரி வேலைக்கே போய்விடுகிறேன், நாளைக்கு முதலாளி அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேன் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

உள்ளே போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். அன்று எனக்கு வந்திருந்தது ஒரு பாடகியின் முன்பல். பழைய போட்டோ ஒன்றைக் கூடவே அனுப்பியிருந்தார்கள். போட்டோவில் அந்தப் பல் பக்கத்துப் பல்மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. மெஷின் என்றால் அதை நிமிர்த்திவிடும். நான் சாய்த்தே செதுக்கினேன். ரயிலில் தொங்காமல் வந்ததால் கை கல் மாதிரி நின்றது. மெழுகு சொன்னபடியெல்லாம் கேட்டது. நல்ல வேலை என்று எனக்கே தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெழுகில் கண்ணீர் விழுந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல வேனில் ஏறினேன். லேபிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போக அந்த வேன் ஒன்றுதான் கதி. வேன்காரரை எல்லோரும் ராக்கெட் என்பார்கள். காரணம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஏறின உடனே தூங்கிவிடுவேன். ரயிலைத் தவறவிட்டதில்லை என்பதால் ரொம்பக் கெட்டிக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று துக்கத்தில் தூக்கம் வரவில்லை. ராக்கெட் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பாதி உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, மாஸ்டர் உங்க வீட்டுக்காரராமே? சொல்லவே இல்லையே நீங்க. எனக்கு வண்டி கத்துக்கொடுத்தவரே அவருதான்!"

முன்னால் பார்த்து ஓட்டுங்க என்றேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மத்தியானம் மாஸ்டர் வேனில் ஏறியதும் இவருக்குத் தலைகால் புரியவில்லையாம். கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தாராம். குரு பக்கத்தில் இருக்கிறாரே என்று, தான் கற்ற வித்தை அத்தனையும் காட்டினாராம். அதென்ன வித்தை என்று எனக்கும் அப்போதே காட்டினார். இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்தார். மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் எதிரே வந்த நண்பருக்கு வணக்கம் வைத்தார். என் கால் தன்னால் தரையை அழுத்தியது. இத்தனை நாள் இதிலா நான் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தேன்?

"மாஸ்டர் ஒரு வார்த்தை பேசலக்கா. என் டிரைவிங்கைப் பாத்து அசந்துபோயிட்டாரு" என்றார் ராக்கெட்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் கூடத்தில் வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவிங் ஸ்கூலுக்குப் போகவில்லை. மத்தியானம் வந்த மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று மகள் சொன்னாள். ரயிலில் மிதித்தபோது அவர் மிதித்தது ஒரு அம்மாவின் காலை என்றும், அந்த அம்மா ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் என்றும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் ஓடிவிட்டாள். கடைசியாக ஏறிய பஸ்ஸிலும் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லையாம். வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தீர்களா என்று கேட்க நாக்கு துருதுருத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"அந்த வேன்லயா நீ தினமும் போற?"

"அது ஒண்ணுதாங்க இருக்கு."

அவர் வாளித் தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். தன்னிடம் கற்றவர்களிலேயே தேறாத ஆள் அந்த ராக்கெட்தானாம். லைசென்ஸ் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இவர் பக்கத்து சீட்டில், அதிகாரி பின் சீட்டில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். குறுக்கே ஒரு ஆள் வந்தும் அந்தப் பையன் வண்டியை நிறுத்தவில்லை.

"நான்தான் மிதிச்சேன். பாவம், வீட்டு நிலைமை சரியில்ல, பாஸ் ஆகட்டும்னு மிதிச்சேன். அவன் நிறுத்தினான்னு நெனச்சு அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுட்டாரு. இத்தனை நாளா அவன் பின்னாடி உன்னை உக்கார வெச்சிருக்கேன். தூங்கிட்டிருந்திருக்கேன்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அவர் என் வலது கையை எடுத்து, விரல்களை விரித்துப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. சாயங்கால ரயிலிலும் தொங்கிக்கொண்டுதானே வந்தேன்.

"காலைல நான் மிதிச்சது வெறும் தரையை" என்றார். "அந்த வண்டிய நிறுத்தினது நீ. நல்லா நிறுத்தின."

எத்தனையோ பேருக்கு அவர் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்லா நிறுத்தின என்று ஒருவரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. லைசென்ஸ் வாங்கிய அன்று எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. எழுந்துபோய் முதலாளி அம்மாவுக்கு போன் போட்டேன். பாடகியின் பல்லை வேறு யாரும் தொட வேண்டாம், வழி கிடைத்துவிட்டது, நானே வந்து முடிக்கிறேன் என்றேன்.

திரும்பி வந்தபோது அவர் தரகரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு. பக்கத்து சீட்டுக்குக் கீழ மட்டும் கால்மிதியைக் கொஞ்சம் கனமாப் போட்டுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமைல நானும் போவேன்."